வாக்கியத்தின் வாலை விழுங்காமல் பேசுவது எப்படி?

"என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கல." இந்த இரண்டு வாக்கியங்கள் என் காதில் விழாத நாளே கிடையாது, அப்படிப் பல வருடம் ஓடியது. ஒருநாள் அலுவலகத் தொலைபேசிக் கூட்டத்தில், "அந்த ஃபைல் போயிடுச்சா?" என்று கேட்டார்கள். "நேத்து அனுப்பல" என்றேன். கடைசி 'ல' என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எதிர்முனையில் "நேத்து அனுப்பி..." என்று கேட்டிருக்கிறது, போய்விட்டது என்றே குறித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

அதற்கப்புறம் கைக்காசைப் போட்டு ஒரு மூன்று நாள் 'தன்னம்பிக்கை' வகுப்புக்குப் போனேன். கை தட்டினோம், கண்ணாடி முன் நின்று கத்தினோம். நான்காம் நாள் அதே போன், அதே "சரியாக் கேக்கல". தைரியம் வந்தால் பேச்சு தெளிவாகும் என்று நினைத்தது என் தப்பு. என் விஷயத்தில் நடந்தது நேர்மாறாக: மற்றவர்கள் திரும்பக் கேட்பது குறையக் குறையத்தான் பயம் குறைந்தது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஆட்கள் முன்னால் பேசுவது ஒன்பதாவது படிதான்.

தேவையானவை: பதிவு செய்ய ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு ஸ்ட்ரா. தினமும் 20 நிமிடம், மொத்தம் 12 வாரம். முதல் எட்டு வாரத்துக்குச் செலவு எதுவும் இல்லை.

1. முதல் நாளே பதிவு செய்யுங்கள்

எந்தப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். எதையும் வாசிக்க வேண்டாம். வாசிக்கும்போது எல்லாரும் ஓரளவு நன்றாகவே பேசுவோம், குறை வெளியே வராது. "நேற்று காலையிலிருந்து என்ன செய்தேன்" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பதில் சொல்லுங்கள். போனை வாய்க்கு ஒட்டிப் பிடிக்காமல் மேசைமேல் ஒரு கை தூரத்தில் வையுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். இதுதான் உங்கள் முதல் ஆவணம். பிடிக்கவில்லை என்று அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன். அப்புறம் மூன்றாவது வாரத்தில் முன்னேறினேனா இல்லையா என்று ஒப்பிட எதுவுமே இல்லை.

கேட்டதும் "இது என் குரலே இல்லை" என்று தோன்றும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குப் போகிறது. எலும்பு வழியில் தாழ்ந்த ஒலிகள் கூடுதலாகச் சேர்வதால், நமக்குள் கேட்கும் குரல் கனமாக இருக்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது பதிவில் உள்ள மெல்லிய குரலைத்தான், அவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை கேட்டால் உங்களுக்கும் பழகிவிடும்.

2. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்

இந்த வேலை அலுப்பானது, அதனால் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மிக அதிகமாகப் பலன் தந்தது இதுதான். மூன்று நிமிடப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வாயில் வந்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். 'வந்து', 'அது வந்து', 'ஆக்சுவலா', 'இப்ப பாத்தீங்கன்னா', 'என்ன சொல்ல வர்றேன்னா' ஒன்றையும் விடக்கூடாது. அரை மணிநேரத்துக்கு மேல் ஆகும்.

பிறகு சிவப்பு மையில் மூன்று குறிகள் போடுங்கள். காதில் விழாத சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. 'வந்து' மாதிரியான ஒட்டுச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். முடியாமல் அந்தரத்தில் நின்ற வாக்கியத்தின் கடைசியில் ஒரு பெருக்கல் குறி. என் முதல் தாளில் கோடு போட்ட சொற்களில் முக்கால்வாசி வாக்கியக் கடைசியில் இருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு நோய் எது என்றே புரிந்தது.

எச்சரிக்கை: போனில் உள்ள வாய்ஸ் டைப்பிங் வசதியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். விழுங்கிய சொல்லை அது ஊகித்துச் சரியாகவே போட்டுவிடும், 'வந்து'களை விட்டுவிடவும் செய்யும். நமக்குத் தேவை நம் தப்பு.

3. மருத்துவர் தேவையா என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியில் ஒரு நிமிடம்தான் நிற்பார்கள். ஆனால் உங்கள் குரல் கரகரத்து, நான்கு வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது வலி, இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் இருந்தாலோ, புகைப்பழக்கம் உள்ளவர் என்றாலோ நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் பேசுவதும் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

திக்குவாய் வேறு விஷயம். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அது உண்டு. தைரியக் குறைவால் வருவதில்லை, தைரியம் சொன்னால் போவதும் இல்லை. அதற்குப் பேச்சு சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். "பயப்படாமப் பேசு" என்று திக்குகிறவர்களை அதட்டுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: பிரச்சினை எப்போது தொடங்கியது, எந்த வேளையில் அதிகம் என்ற குறிப்பு, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், நெஞ்செரிச்சல் உண்டா, கழுத்துப் பகுதியில் அறுவை சிகிச்சை நடந்ததா என்ற விவரம், ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் பேசும் வேலை என்பது, பழைய செவிப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது. கூடவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனக் குரல் பதிவு இரண்டு. மருத்துவரைப் பார்க்கிற நேரம் பார்த்துக் குரல் நன்றாகிவிடும், அப்போது இந்தப் பதிவுதான் பேசும்.

4. வாலை மீட்டெடுங்கள் (2 முதல் 4 வாரம் வரை)

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்தானா செய்யவில்லையா, யார் செய்தது, நேற்றா நாளையா, எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான். அதிலும் அதன் கடைசி அசையில். பேச்சில் இன்னும் மோசம்: 'வந்தாள்' என்பதையும் 'வந்தால்' என்பதையும் நாம் 'வந்தா' என்றுதான் சொல்கிறோம். 'வந்தான்' என்பதற்கு மிச்சம் இருப்பது மூக்கில் ஒலிக்கும் ஒரு சின்ன முனகல். அந்த முனகலையும் விழுங்கினால் வந்தது ஆணா பெண்ணா என்றே தெரியாது. வாக்கியத்தின் முதல் பாதியை முழங்கிவிட்டுக் கடைசியில் மூச்சு தீர்ந்து முணுமுணுப்பது எந்த மொழியிலும் குறைதான். தமிழில் அது செய்தியையே தின்றுவிடும்.

இதற்கு நான் செய்த பயிற்சி, வாக்கியத்தை வாலிலிருந்து கட்டுவது. இப்படி:

அனுப்பல.
நேத்து அனுப்பல.
ஃபைல நேத்து அனுப்பல.
நான் அந்த ஃபைல நேத்து அனுப்பல.

ஒவ்வொரு வரியிலும் 'அனுப்பல' ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டும். நாலாவது வரியில் அது தேய்ந்துபோவதைப் பதிவில் நீங்களே கேட்பீர்கள். தேயாமல் வரும்வரை திரும்பச் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் கோடு போட்ட வாக்கியங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்குப் பத்து போதும். குரலைக் கடைசியில் தூக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தூக்கினால் எல்லாமே கேள்வியாகிவிடும். சுருதி இறங்கட்டும், சத்தம் மட்டும் இறங்கக் கூடாது.

வால் தேய்வதற்கு இன்னொரு காரணம் வாக்கியத்தின் நீளம். "காலைல எந்திரிச்சு, மெயில் பாத்துட்டு, அவருக்குப் போன் பண்ணிட்டு, அவர் எடுக்கலன்னு மெசேஜ் போட்டுட்டு..." என்று 'ட்டு' மேல் 'ட்டு' கோத்துக்கொண்டே போவோம். மொழி இடம் கொடுக்கிறது, மூச்சு இடம் கொடுப்பதில்லை. நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்: ஒரு வாக்கியத்தில் இரண்டு 'ட்டு'க்கு மேல் கூடாது. "காலைல எந்திரிச்சு மெயில் பாத்தேன். அவருக்குப் போன் பண்ணினேன். எடுக்கல. மெசேஜ் போட்டேன்." சொல்லிப் பாருங்கள். சின்னப் பிள்ளை பேச்சு மாதிரி இருக்கிறதே என்று முதலில் கூச்சமாக இருக்கும். கேட்பவர்களுக்கு அப்படித் தோன்றாது.

5. மூச்சு, தொண்டை, வாய்

மூச்சுப் பயிற்சி என்றதும் நெஞ்சை நிமிர்த்தி முட்ட முட்ட இழுக்கத் தொடங்கிவிடுவோம். வேண்டாம். நிறைய இழுத்தால் தோளும் கழுத்தும் இறுகி, முதல் சொல் வெடித்துக்கொண்டு வரும். வயிற்றில் கை வைத்து, கை லேசாக வெளியே வரும் அளவுக்கு இழுத்தால் போதும். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். 15 முதல் 20 நொடி வரை நடுங்காமல் போனால் சாதாரணப் பேச்சுக்கு அதுவே தாராளம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

ஸ்ட்ரா இப்போதுதான் தேவைப்படும். அதை உதட்டில் வைத்து அதன் வழியே 'ஊ' என்று இரண்டு நிமிடம், தாழ்ந்த சுருதியிலிருந்து உயரப் போய்த் திரும்பி வாருங்கள். வாயின் முனை குறுகும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் குரல்நாண்கள் மோதும் வேகத்தைக் குறைக்கிறது. பாடகர்களும் குரல் சிகிச்சையாளர்களும் செய்யச் சொல்லும் பயிற்சி இது. ஸ்ட்ரா இல்லாத இடத்தில் வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தாலும் சரி.

பேசும் முன் 'க்கும்' என்று தொண்டையைச் செருமாதீர்கள். செருமச் செருமக் குரல்நாண்கள் ஒன்றோடொன்று உரசி இன்னும் அரிக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள். இன்னொன்று: வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகுவது, பல்லிடுக்கில் கார்க்கைக் கடித்துக்கொண்டு பேசுவது என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். கல் தொண்டைக்குள் போய்விட்டால் பேச்சு இருக்கட்டும், மூச்சே நின்றுவிடும். கார்க் தாடையை இறுக்கும், நமக்கோ தாடை தளர வேண்டும்.

சத்தமான இடத்தில் நம் குரல் தானாக உயரும். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஹெட்போன் மாட்டிப் பயிற்சி செய்தால் இதே காரணத்தால் கத்திக்கொண்டிருப்பீர்கள். கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

6. எந்த எழுத்துக்கு மெனக்கெடுவது?

எல்லாரும் 'ழ'வில் தொடங்குவார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்: 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொடும். 'ள'வுக்கு நாக்கு பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கும் மடியும், ஆனால் எங்கும் தொடாது. வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. தலை, தளை, தழை என்று மூன்று மூன்றாகச் சொல்லிப் பழகலாம்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், 'ழ' பிசகியதால் ஒருவர் சொன்னது எனக்குப் புரியாமல் போனது அபூர்வம். சூழ்நிலையே காப்பாற்றிவிடும். நிஜமாகவே புரியாமல் போவது இரட்டை எழுத்தும் நெடிலும் சுருங்கும்போது. வேகமாகப் பேசுகிறவர் வாயில் 'எட்டு' 'எடு'வாகிவிடும், 'பாடம்' 'படம்' ஆகிவிடும். 'ட்ட', 'க்க', 'ப்ப' வரும் இடத்தில் நாக்கையோ உதட்டையோ அரை நொடி பிடித்து வைத்து விடுங்கள். இந்த ஒன்றே வேகத்தைத் தானாகக் குறைத்துவிடும். "மெதுவாப் பேசு" என்று யாராவது சொன்னால் நம்மால் பத்து நொடிதான் மெதுவாகப் பேச முடியும். இரட்டை எழுத்தைப் பிடிப்பது கையில் ஒரு பிடிமானம் கொடுத்தது மாதிரி.

ர, ற வேறுபாட்டுக்கு நேரம் செலவிடாதீர்கள். பேச்சில் அநேகமாக யாரும் காட்டுவதில்லை.

எண்களுக்குத் தனிக் கவனம். போனில் அறுபதும் எழுபதும், ஐம்பதும் எண்பதும் குழம்பும். 'பது' மட்டும் பளிச்சென்று கேட்டு முன்பாதி காணாமல் போகும். "எழுபது, ஏழு பூஜ்யம்" என்று இரண்டு விதமாகச் சொல்லிவிடுங்கள். தொகை, தேதி, போன் நம்பர் எதுவானாலும் இதுதான் வழி.

7. ஒட்டுச் சொற்களும் இடைவெளியும் (5, 6-ஆம் வாரம்)

'வந்து'வை நிறுத்துகிறேன் என்று சபதம் எடுத்தால் அதன் இடத்தில் 'சோ' வந்து உட்காரும். ஒட்டுச் சொல் வருவது அடுத்த சொல்லைத் தேடும்போது. அந்த நேரம் மௌனமாகவே போகட்டும். உங்களுக்கு மூன்று நொடியாகத் தோன்றும் மௌனம் பதிவில் ஒரு நொடிகூட இருக்காது. அளந்து பாருங்கள், நான் நம்பவில்லை, அளந்தபிறகுதான் நம்பினேன்.

ஒரே நேரத்தில் ஒரு ஒட்டுச் சொல்லை மட்டும் பிடியுங்கள். வீட்டில் ஒருவரிடம், அந்தச் சொல் வரும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். சிரிப்பும் சண்டையுமாக இரண்டு நாள் போகும். அதற்கப்புறம் அந்தச் சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். முழுவதும் ஒழிக்க வேண்டியதில்லை. ஒட்டுச் சொல்லே இல்லாத பேச்சு மனப்பாடம் செய்தது மாதிரி இருக்கும்.

8. எந்தத் தமிழில் பேசுவது?

மேடை என்றதும் பலர் 'நான் இங்கே உரையாற்ற வந்திருக்கிறேன்' என்று எழுத்துத் தமிழுக்குத் தாவி, மூன்றாவது வாக்கியத்தில் விகுதி கிடைக்காமல் தடுக்கி விழுகிறோம். மூளை இரண்டு வேலை பார்க்கிறது: என்ன சொல்வது, அதை எப்படி மொழிபெயர்ப்பது. வரவேற்பையும் முடிவையும் மட்டும் எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டிய கூட்டம் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பத்து நிமிடம் அந்தத் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். வாய்க்கு அது வேறு பழக்கம்.

9. ஆட்கள் முன்னால் (7 முதல் 12 வாரம் வரை)

படி ஏறுவது மாதிரி. முதலில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டிய இடத்தில் போன் செய்யுங்கள். அடுத்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள், ஒரு கேள்வியாக இருந்தாலும் போதும். நேரம் போகப்போக வாய் பூட்டிக்கொள்ளும், இது என் அனுபவம். பிறகு இரண்டு நிமிடம் நின்று பேசும் ஒரு வாய்ப்பு.

பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடம். நடுவுக்கு ஒரு சீட்டில் நாலைந்து சொற்கள்.

கை நடுங்குவது எல்லாருக்கும் தெரிகிறது என்றே நினைப்போம். 2003-இல் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பேசுகிறவர் நினைக்கும் அளவுக்கு அவருடைய பதற்றம் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையைப் பேசப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் இன்னும் நன்றாகவே பேசுகிறார். அதனால் "எனக்குக் கொஞ்சம் பதட்டமா இருக்கு" என்று மன்னிப்புடன் தொடங்காதீர்கள். தெரியாத விஷயத்தை நாமே காட்டிக்கொடுப்பதுதான் அது.

10. பணம் கட்டுவதற்கு முன்

எட்டு வாரத்துக்கு முன் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அதற்குள் உங்கள் குறை எது என்று நோட்டிலேயே இருக்கும், வகுப்பில் அதைக் கேட்டு வாங்கலாம்.

குறைந்த செலவில் ஆட்கள் முன் பேசிப் பழக டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உள்ளன. அங்கே ஆசிரியர் என்று யாரும் கிடையாது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் குறை நிறை சொல்வார்கள். முதல் உரைக்கு நான்கு முதல் ஆறு நிமிடம். நேரம் தெரியப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டுவார்கள். முன்தயாரிப்பு இல்லாமல் ஒன்று இரண்டு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. ஒட்டுச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். தமிழில் நடக்கும் மன்றங்களும் உண்டு. சேரும்போது ஒரு கட்டணம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா. சேரும் முன் விருந்தினராகப் போய் உட்காரலாம். ஒரே மன்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

தனி வகுப்பு என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு தொகுதியில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் மொத்தம் எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும்? நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் போன வகுப்பில் நாற்பது பேர். மூன்று நாளில் எனக்குப் பேசக் கிடைத்தது மொத்தம் ஆறு நிமிடம், அதில் பாதி என் பெயரும் ஊரும். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படிச்சீங்களா?" என்றார்கள். படிக்கவில்லை.

11. பன்னிரண்டாவது வாரம்

முதல் நாள் கேட்ட அதே கேள்வி, அதே மேசை, அதே தூரம், மூன்று நிமிடம். மறுபடி எழுதி, மறுபடி குறி போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வையுங்கள். கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தால் தினசரிப் பயிற்சியை ஐந்து நிமிடமாக்கிக்கொள்ளலாம்: ஸ்ட்ரா இரண்டு நிமிடம், மீதி நேரத்தில் வாலிலிருந்து கட்டிய ஐந்து வாக்கியங்கள். குறையவில்லை என்றால் நாலாவது படிக்குத் திரும்புங்கள், பத்தாவதுக்கு ஓடாதீர்கள்.

தாளைத் தூக்கிப்போட வேண்டாம். குரல் சளியிலோ வேலைப் பளுவிலோ மறுபடி உள்ளே போகும், எனக்கு வருடத்தில் இரண்டு தடவை போகிறது. அப்போது முதலிலிருந்து தொடங்காமல் எந்தக் குறி திரும்ப வந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் படியிலிருந்து ஏறலாம்.